குடிக்க, சமைக்க நாளைக்கு 20 லிட்டர்: சேலத்துல எந்தத் தண்ணி எதுக்கு?

மணியனூர் வாடகை:
வணக்கம்ங்க. நாலு பேர் இருக்கிற வாடகை வீடு. போர் தண்ணி டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற உப்பு) மீட்டர்ல 1,640 காட்டுது. காவிரித் தண்ணி நாலு நாளைக்கு ஒருக்கா, ஒரு மணி நேரம். குடிக்கிறதுக்கு கேன். உப்பைப் பிரிக்கிற ஆர்.ஓ. மெஷின் மாட்டினா எல்லாம் சரியாயிடும்னு கடையில சொல்றாங்க. போர்ல மாட்டணுமா, காவிரித் தண்ணியில மாட்டணுமா? மழைத் தண்ணியைக் குடிக்கலாமா? மொட்டை மாடி சாவி ஓனர்கிட்ட இருக்கு. தெரிஞ்சவங்க விவரமாச் சொல்லுங்க.

தண்ணீர்ச் சோதனை:
மெஷின் வாங்குமுன் ஒரு கணக்கு போடுங்கள் அம்மா. நாலு பேருக்குக் குடிக்க, சமைக்க நாளைக்கு 20 லிட்டர் போதும். குளியல், துணி, பாத்திரம், கழிப்பறை எல்லாம் சேர்ந்தால் 400 லிட்டர்கூட ஆகும். அத்தனையையும் குடிநீராக்க நினைப்பதில்தான் காசும் தண்ணீரும் வீணாகின்றன. 20 லிட்டருக்கு ஒரு வழி, மற்றதற்கு வேறு வழி என்று பிரித்தால் பாதிச் சிக்கல் தீரும்.

அடுத்து அந்த மீட்டர். அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடத்தப்படுகிறது என்று பார்த்து, உப்பின் அளவைக் கணக்காகச் சொல்கிறது. எந்த உப்பு என்று சொல்லாது. கிருமி இருக்கிறதா என்றும் சொல்லாது. சாக்கடை கலந்த குழாய்த் தண்ணீர் 350 காட்டலாம், கண்ணுக்குத் தெளிவாகவும் இருக்கலாம். எண் குறைந்தால் சுத்தம் என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது.

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 சொல்வது இது: டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது (கீழே வரும் எண்களும் அதே அளவில்தான்), வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். மொத்தக் கடினத்தன்மை 200, அதிகபட்சம் 600. மெக்னீசியம் 30, அதிகபட்சம் 100. ஃபுளோரைடு 1, அதிகபட்சம் 1.5. நைட்ரேட் 45, அதற்கு மேல் சலுகையே கிடையாது.

சேலத்தில் மெக்னீசியத்தைத் தனியாகப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கருப்பூர், மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல் வெட்டுகிற குன்றுகளில் ஓடுவது மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாது. ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் சந்திப்பு என்றுதான் பெயர். அந்தப் பாறை வழியாக இறங்கும் தண்ணீரில் மெக்னீசியம் ஏறும். சல்பேட்டும் சேர்ந்திருந்தால் புதிதாகக் குடிப்பவர்களுக்கு வயிறு இளகும். பருப்பு வேக மறுப்பது, சோப்பு நுரைக்காமல் திரிதிரியாக நிற்பது எல்லாம் இதன் அடையாளம்தான். ஊர் முழுக்கக் கடினப்பாறை என்பதால் தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் நிற்கிறது. அதனால் பக்கத்து வீட்டு போர் 700 காட்ட, உங்களுடையது 1,640 காட்டும். அவர்கள் ரிப்போர்ட் உங்களுக்கு உதவாது.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். உப்புச் சோதனைக்கு மோட்டாரை 10 நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலசி, 2 லிட்டர் விளிம்பு வரை பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்களே பாட்டில் தருவார்கள். அதை அலசவே கூடாது. குளோரினை முறிக்கிற மருந்து உள்ளே இருக்கும், அலசினால் போய்விடும். ஐஸ் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

அம்மாபேட்டை குழாய்:
சார் சொன்னதுக்கு மேல மெஷின் கணக்கு நான் சொல்றேங்க. வீட்டு ஆர்.ஓ. 1 லிட்டர் நல்ல தண்ணி கொடுக்க 3 லிட்டர் வெளிய தள்ளும். 20 லிட்டருக்கு 60 லிட்டர் வேஸ்ட். உங்க போர் 1,640ன்னா வெளிய வர்ற தண்ணி 2,100 பக்கம் இருக்கும். அதுல தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊத்தலாம். கருவேப்பிலைக்கு ஊத்தினா ரெண்டே மாசத்துல இலை நுனி கருகும், தொட்டி ஓரம் வெள்ளையாப் பூக்கும்.

காவிரித் தண்ணி 500க்குள்ள இருந்தா அதுக்கு ஆர்.ஓ. வேண்டியதே இல்லை. 500க்குக் கீழ இருக்கிற தண்ணிக்கு ஆர்.ஓ. மாட்டுறதைத் தடை பண்ணச் சொல்லி 2019லயே பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டிருக்கு. காவிரித் தண்ணிக்குக் கிருமி போனாப் போதும். கொதிக்க வைங்க, இல்லன்னா புற ஊதா ஒளியில கிருமியைக் கொல்ற யு.வி. மெஷின்.

போர்ல ஆர்.ஓ. மாட்டித்தான் ஆகணும்னா, மூணு விஷயம் கெடும். முன்னாடி இருக்கிற பஞ்சு ஃபில்டர் அடைச்சுக்கும், மூணு மாசத்துக்கு ஒருக்கா கழட்டிப் பாருங்க. தொட்டியில குளோரின் போட்டிருந்தா, கார்பன் ஃபில்டர் தீர்ந்ததும் அது நேரா உள்ள போய் மெம்பரேனை, அதாவது உப்பைத் தடுக்கிற சவ்வை, தின்னுடும். மூணாவது, நம்ம ஊர் கடினத் தண்ணியில மெம்பரேன் மேல சுண்ணாம்பு மாதிரி படிஞ்சு தண்ணி சொட்டுச் சொட்டா வரும். வெளிய வர்ற நல்ல தண்ணி டிடிஎஸ்ஸை மாட்டின அன்னைக்கே எழுதி வைங்க. அது ரெண்டு மடங்கு ஆச்சுன்னா மெம்பரேன் போச்சுன்னு அர்த்தம்.

"டிடிஎஸ் கன்ட்ரோலர்"னு ஒரு திருகாணி இருக்கும். ருசிக்காகன்னு அதைத் திறந்து விடுவாங்க. அது மெம்பரேன் வழியாப் போகாத போர் தண்ணியைத்தான் கலக்குது. நைட்ரேட் இருக்கிற போர்னா அதுவும் திரும்ப உள்ள வந்துடும். மூடி வைக்கச் சொல்லுங்க.

அழகாபுரம் அடுக்ககம்:
எங்க அசோசியேஷன்ல 24 வீட்டுக்கும் சேர்த்து ஒரு பெரிய ஆர்.ஓ. போடலாம்னு பேச்சு. தனித்தனியா மாட்டுறதை விட அது மேல்தானே? இல்லன்னா சாஃப்ட்னர்?

தண்ணீர்ச் சோதனை:
குடிக்க மட்டும் கீழே ஒரு பொதுக் குழாய் என்றால் சரி. 24 வீட்டுக்கு 480 லிட்டர், சின்ன யூனிட் போதும். குளிக்கவும் துவைக்கவும் ஆர்.ஓ. என்றால் தினமும் பல ஆயிரம் லிட்டர் உப்புக் கரைசல் வெளியே போகும். அது எங்கே போகிறது? காலி மனைக்கோ, வாசல் சாக்கடைக்கோ. மனையில் விட்டால் பக்கத்து வீட்டு போரில் இறங்கும். சாக்கடை வழியாகப் போனால் திருமணிமுத்தாற்றில் சேரும். சேர்வராயன் மலையில் தெளிவாகப் பிறந்து நகரத்துக்குள் நுழைந்ததும் என்னவாகிறது என்று அந்த ஆற்றை நாம் தினமும் பாலத்தில் நின்று பார்க்கிறோம். நம் வீட்டு உப்பை அடுத்தவன் கிணற்றில் கொட்டுவதற்குச் சுத்திகரிப்பு என்று பெயர் வைக்கக் கூடாது. இதை நான் அழுத்தியே சொல்வேன்.

சாஃப்ட்னர் வேறு வகை. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். வாளி வெளுக்காது, கீசர் கம்பி பிழைக்கும். ஆனால் டிடிஎஸ் குறையாது. குடிக்கிற குழாய்க்கு அதைத் தொடுக்காதீர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் குறிப்பாக. கழுவும்போது வெளியேறுவதும் உப்புக் கரைசல்தான்.

கீசர், கெட்டில் வெள்ளைப் பொருக்குக்கு மருந்து சுலபம். 1 லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு போட்டுக் கெட்டிலில் கொதிக்கவிட்டு, அரை மணி நேரம் ஊறவிட்டுக் கொட்டுங்கள்.

மணியனூர் வாடகை:
அப்ப மழைத் தண்ணி? அதைப் பத்தி யாரும் சொல்லலையே.

அம்மாபேட்டை குழாய்:
அதுதாங்க நம்ம ஊருக்குச் சரியான பதில். 1 சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழை விழுந்தா 1 லிட்டர். 1,000 சதுர அடி மாடின்னா 93 சதுர மீட்டர். கான்கிரீட் மாடியில ஈரம், ஆவி எல்லாம் போக நூத்துக்கு எண்பது பிடிக்கலாம். 25 மில்லிமீட்டர் மழை ஒண்ணு பெஞ்சா 1,860 லிட்டர். வருஷத்துக்கு 900 மில்லிமீட்டர்னு வைச்சாலும் 67,000 லிட்டர் ஆகுது. உங்களுக்கு வேணுங்கிறது நாளைக்கு 20ன்னா வருஷத்துக்கு 7,300 தான். ஒம்போதுல ஒரு பங்கு.

சேலத்துக்குக் கோடை மழை, தென்மேற்கு, வடகிழக்கு மூணும் உண்டு. தையில இருந்து சித்திரை வரைக்கும்தான் வறட்சி. 120லேருந்து 150 நாள் தாக்குப் பிடிக்கிற மாதிரி 3,000 லிட்டர் தொட்டி ஒண்ணு இருந்தாப் போதும். கறுப்பு நிறத் தொட்டி வாங்குங்க, வெளிச்சம் புகுந்தா பாசி பிடிக்கும்.

தப்பு நடக்கிற இடம் முதல் தண்ணி. மாடியில காக்கா எச்சம், தூசி, இலை எல்லாத்தையும் முதல் 1 மில்லிமீட்டர் மழைதான் கழுவிட்டு வருது. 93 சதுர மீட்டருக்கு அது 93 லிட்டர். கடையில விக்கிற 4 அங்குலக் குழாய்ல மீட்டருக்கு 8 லிட்டர் சொச்சம்தான் நிக்கும். ஒன்றரை மீட்டர் குழாயை மாட்டிட்டு முதல் தண்ணியை ஒதுக்கிட்டோம்னு சொல்றாங்க, 13 லிட்டர் கூட ஒதுங்கலை. 100 லிட்டர் டிரம் ஒண்ணை டி வைச்சு இணைங்க. டிரம் நிறைஞ்ச பிறகு மீதி தானா அடுத்த குழாய்க்குத் திரும்பும். டிரம்முக்கு அடியில ஒரு சின்னக் குழாயை எப்பவும் சொட்டுற மாதிரி திறந்து வைங்க. இல்லன்னா அடுத்த மழைக்கு டிரம் காலியா இருக்காது, அழுக்கு நேரா தொட்டிக்குப் போயிடும்.

வடிகட்டிக்கு 200 லிட்டர் டிரம். அடியில 40 எம்.எம். ஜல்லி அரை அடி, அதுக்கு மேல 20 எம்.எம். அரை அடி, நைலான் வலை, அப்புறம் கழுவின ஆத்து மணல் ஒரு அடி. மேல கூழாங்கல் ரெண்டு அங்குலம், அது இல்லைன்னா விழுற தண்ணி மணலைக் குழி தோண்டிடும். எம்-சாண்ட் போடாதீங்க, பொடி வந்துக்கிட்டே இருக்கும். ஜல்லியைத் தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் கழுவணும், இந்த வேலையைத்தான் எல்லாரும் அவசரத்துல விட்டுடறாங்க.

இந்த டிரம் நிமிஷத்துக்கு 20 லிட்டருக்கு மேல விடாது. அடிச்சுப் பெய்யுற மழையில உங்க மாடியில இருந்து நிமிஷத்துக்கு 60 லிட்டர் வரும். மேல ஓவர்ஃப்ளோ வைச்சு மீதியைக் கிணத்துக்கோ உறிஞ்சு குழிக்கோ விடுங்க. அது வீண் இல்லைங்க. நிலத்தடித் தண்ணி உப்பு குறையறதே அதாலதான்.

அழகாபுரம் அடுக்ககம்:
நேரா போர் குழாய்க்குள்ளயே விட்டா என்ன? சில பேர் அப்படிச் செஞ்சிருக்காங்க.

தண்ணீர்ச் சோதனை:
வேண்டவே வேண்டாம். மண் வழியாக இறங்கும்போது கிடைக்கிற வடிகட்டல் அதில் இல்லை. மாடி எச்சம் நேராகப் பாறை வெடிப்பில் போய்ச் சேரும், அதே வெடிப்பில் தண்ணீர் எடுக்கிற நாலு தெருவுக்கும் பரவும். பக்கத்தில் குழி வெட்டி ஜல்லி, மணல் நிரப்பி அதில் விடுங்கள். செப்டிக் டேங்கிலிருந்து 50 அடியாவது தள்ளி. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வீட்டுக்கு வீடு குழாய் இறங்கியது. இன்று பலவற்றின் முனை சிமென்ட் தரைக்கு மேல் ஓர் அடி உயரத்தில் அந்தரத்தில் நிற்கிறது, குழி மூடிவிட்டது. அடுக்ககத்தில் முதலில் அதைப் பாருங்கள். பழைய கிணறு இருந்தால் குப்பை போட்டு மூட விடாதீர்கள். அதைவிட நல்ல குழி கிடையாது.

நாகலூர் காடு:
ஏற்காடு பக்கத்துக் கதை கொஞ்சம் வேற. மழை கூடுதல், ஆனா பாறைச் சரிவுல நிக்காம கீழ ஓடிடும். மாசி, பங்குனியில ஊத்து வத்தினதும் குடம் தூக்குற வேலை பொம்பளைங்க தலையில விழுது. மழை அதிகம்ங்கிற பேருக்குப் பின்னாடி இது யார் கண்ணுக்கும் படுறது இல்லை.

இங்க தகரக் கூரை நல்லது, நூத்துக்குத் தொண்ணூறு பிடிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணியைக் குடிக்கப் பிடிக்காதீங்க. சில்வர் ஓக் இலையும் பழுத்த சருகும் கூரைத் தாழ்வாரத்துல அடைச்சு ஊறினா தண்ணி டீத்தூள் நிறத்துல இறங்கும். தாழ்வாரத்துக்கு மேல கம்பி வலையை வளைச்சு வைக்கணும், தட்டையா வைச்சா இலை அதுலயே படிஞ்சு தண்ணி வெளிய வழியும்.

தொட்டி மூடியைக் குரங்கு திறந்துடும். கல் வைச்சா உருட்டி விட்டுடும். மூடிக் காதுல ஓட்டை போட்டு ரெண்டு பக்கமும் கட்டுக்கம்பி முறுக்கிடுங்க.

காப்பிப் பழம் உரிக்கிற மாசங்கள்ல, கார்த்திகையில இருந்து தை வரைக்கும், பல்ப்பர் கழிவு ஓடையில கலக்குதான்னு பார்த்துத்தான் கீழ தண்ணி எடுக்கணும். புளிச்ச வாடை வந்தா அந்தத் தண்ணி ஆகாது. அதைக் கொதிக்க வைச்சுச் சரி பண்ண முடியாது.

மணியனூர் வாடகை:
கொதிக்க வைக்கிறதுன்னா எவ்வளவு நேரம்?

தண்ணீர்ச் சோதனை:
கொப்புளம் எழும்பிப் புரண்டு கொதித்த பிறகு ஒரு நிமிடம். ஏற்காட்டில் 95 டிகிரியிலேயே கொதி வந்துவிடும், அங்கேயும் கிருமி சாக ஒரு நிமிடம் போதும். ஆறவைத்து அதே பாத்திரத்தில் மூடி வையுங்கள். கை விட்டு மொள்ளாமல், பிடி வைத்த கரண்டியால் எடுங்கள். ஒன்று மறக்க வேண்டாம்: கொதிக்க வைத்தால் நைட்ரேட்டும் ஃபுளோரைடும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

கொசு ஒழிப்புக் களம்:
எல்லாரும் தொட்டி, டிரம்னு சேமிக்கச் சொல்றீங்க. ஒரு பக்கத்தை விட்டுட்டீங்க. டெங்கு கொசு சாக்கடையில முட்டை வைக்காது. நம்ம வீட்டுக்குள்ள சேமிச்ச தெளிஞ்ச தண்ணியிலதான் வைக்கும். முட்டையில இருந்து கொசு ஆக 7லேருந்து 10 நாள். அதுவும் தண்ணி மட்டத்துக்கு ஒட்டின ஈரச் சுவர்ல முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணியைக் கொட்டிட்டுத் திரும்ப நிரப்பினா முட்டை அப்படியே இருக்கும், காய்ஞ்சாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும்.

அதனால கொட்டினா மட்டும் போதாது. வாரம் ஒருநாள் டிரம், அண்டா உள்சுவரை நாரு போட்டுத் தேய்ச்சுக் கழுவி வெயில்ல காய வைங்க. தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய், காத்துக் குழாய் ரெண்டுக்கும் கொசுவலைத் துணியை ரப்பர் போட்டுக் கட்டுங்க. மூடி நல்லா இருந்தும் கொசு வர்றது பெரும்பாலும் அந்த ஓட்டை வழியாத்தான். மேல சொன்ன 100 லிட்டர் முதல் தண்ணி டிரம்மும் சேர்த்தி, அது காலியாகணும்.

சம்ப் கழுவுறவங்களுக்கு: மூடியிருந்த சம்ப்புக்குள்ள தனியா இறங்காதீங்க, ஆளை இறக்கவும் செய்யாதீங்க. உள்ள மூச்சுக்காத்து இருக்காது, தூக்கப் போறவரும் சேர்ந்து மயங்கி விழுவார். மேல நின்னே நீளப் பிரஷ், பம்ப் வைச்சுக் கழுவுங்க.

மணியனூர் வாடகை:
ரொம்ப நன்றிங்க. இன்னொண்ணு. காவிரித் தண்ணி தெருக் கடைசி வீடுகளுக்கு வர்றதே இல்லை. முன்னாடி வீடுகள்ல குழாயிலேயே மோட்டார் வைச்சு இழுக்கிறாங்க. கேட்டா எல்லாரும் செய்யறதுதானேன்னு சொல்றாங்க.

அம்மாபேட்டை குழாய்:
இது கடைசி வீட்டுக்காரங்க பிரச்சினை மட்டும் இல்லைங்க, இழுக்கிறவங்க உடம்புக்கே கேடு. தெருக் குழாயில தண்ணி அழுத்தத்தோட போற வரைக்கும் ஓட்டை இருந்தாத் தண்ணி வெளிய கசியும், அழுக்கு உள்ள வராது. மோட்டார் உறிஞ்சினா அந்த அழுத்தம் மறைஞ்சு குழாய்க்குள்ள வெற்றிடம் ஆகும். சாக்கடைக்கு ஒட்டிப் போற பழைய இணைப்பு, வீட்டுக்குத் துளை போட்ட இடம், துருப்பிடிச்ச ஜி.ஐ. குழாய், இப்படி எல்லா ஓட்டை வழியாவும் வெளிய இருக்கிற அழுக்கை அதுவே உள்ள இழுக்கும். முதல்ல அதைக் குடிக்கிறது மோட்டார் வைச்ச வீடுதான். சட்டப்படியும் தப்பு, இணைப்பைத் துண்டிக்கலாம்.

சரியான வழி: குழாய்த் தண்ணி தன்னால சம்ப்புக்கு விழட்டும், சம்ப்புல இருந்து மேல தூக்க மோட்டார். சம்ப் வாய் தரையில இருந்து அரை அடியாவது உயர்ந்து இருக்கணும், இல்லன்னா மழைக்குத் தெருத் தண்ணி உள்ள போகும்.

நாலு நாள் காய்ஞ்ச குழாயில தண்ணி திறந்ததும் முதல் 5, 10 நிமிஷம் வர்றதைச் சம்ப்புக்கு விடாதீங்க. வாளியில பிடிச்சு வாசல் கழுவுங்க, தெளிஞ்ச பிறகு திருப்பி விடுங்க.

தண்ணீர்ச் சோதனை:
தெருவில் பேசும்போது நியாயத்தை விட்டுவிட்டு இந்த உறிஞ்சல் விஷயத்தைச் சொல்லிப் பாருங்கள். குழந்தை இருக்கிற வீட்டில் உடனே காது கொடுப்பார்கள். குளோரின் பார்க்கிற சின்னப் பெட்டியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், கடைசி வீட்டில் சுத்தமாக இல்லை என்றால் நடுவில் எங்கோ அழுக்கு கலக்கிறது. கடைசிக் குழாயில் குறைந்தது 0.2 இருக்க வேண்டும். தேதி, நேரம், அளவு மூன்றையும் எழுதி மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் கொடுங்கள். தண்ணி சரியில்லை என்று பொதுவாகச் சொல்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

மணியனூர் வாடகை:
மாடி சாவி கிடைக்காத எங்களை மாதிரி வாடகைக்காரங்க மழைத் தண்ணிக்கு என்ன செய்யறது?

நாகலூர் காடு:
அக்கா, பாட்டி காலத்து வழி இருக்கு. துவைச்ச வெள்ளை வேட்டியை நாலு மூலையும் இழுத்துக் கட்டி, நடுவுல கழுவின கூழாங்கல் ஒண்ணு போட்டு, கீழ குடம் வைங்க. நாலு முழ வேட்டி ரெண்டரை சதுர மீட்டர் வரும். 20 மில்லிமீட்டர் மழைக்கு 40 லிட்டருக்குக் குறையாது, உங்களுக்கு ரெண்டு நாள் குடிதண்ணி. மழை ஆரம்பிச்சு 10 நிமிஷம் கழிச்சுக் குடத்தை வைங்க. மரத்தடியில கட்டாதீங்க.

அம்மாபேட்டை குழாய்:
ஓனர்கிட்ட சாவி கேக்காதீங்க, மாடியில இருந்து இறங்குற குழாயைக் கேளுங்க. வாசல் பக்கம் இறங்குற ஒரு குழாயில ஆள் உயரத்துல டி போட்டு 200 லிட்டர் மூடி போட்ட டிரம் வைக்க எதையும் இடிக்க வேண்டியது இல்லை. வீடு காலி பண்ணும்போது கழட்டி எண்ட் கேப் போட்டுடலாம். மாடியை மாசம் ஒருக்கா நாங்களே கூட்டித் தர்றோம்னு சொல்லுங்க, ஓவர்ஃப்ளோவை அவர் போர் பக்கத்துக் குழிக்கே விடுறோம்னு சொல்லுங்க. அவர் போருக்கும் நல்லது.

மணியனூர் வாடகை:
டிரம் தண்ணிக்கு பிளீச்சிங் பவுடர் எவ்வளவு?

தண்ணீர்ச் சோதனை:
1,000 லிட்டருக்கு 4 கிராம். 200 லிட்டருக்கு அளந்து போடுவது கஷ்டம். அதனால் 4 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிடுங்கள். மேலே தெளிந்ததில் 200 மில்லி எடுத்து டிரம்மில் ஊற்றிக் கலக்குங்கள், அடியில் தங்கிய சுண்ணாம்பை ஊற்றாதீர்கள். இன்னும் அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். லேசாகக் குளோரின் வாசனை இருக்க வேண்டும். கொஞ்சமும் வாசனை இல்லையென்றால் பவுடர் வீரியம் இழந்திருக்கும். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில், இருட்டில் வையுங்கள். மீந்த கரைசலை மறுநாளுக்கு வைக்காமல் கழிப்பறையில் ஊற்றிவிடுங்கள், ஆனால் ஆசிட் ஊற்றிய உடனே மட்டும் ஊற்றாதீர்கள், விஷ வாயு கிளம்பும்.